சுழி தெரியும், குளம்பு தெரியுமா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. ஈரோடு மாவட்டத்து ஊர் என்றாலும் தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குதிரைக்காரர்களுக்கும் அதுதான் சந்தை. வாங்க வந்தவர் முதலில் சுழி பார்ப்பார். நெற்றி, கழுத்து, மார்பு, விலா, முதுகு என்று மயிர் சுழித்திருக்கும் இடமெல்லாம் விரல் வைத்துப் பார்ப்பார். கூட வந்த பெரியவர் இன்னொரு முறை சுற்றி வருவார். "சுழி சுத்தம்" என்று அவர் சொன்ன பிறகுதான் துண்டுக்கடியில் கை போகும், விலை பேசப்படும். நிறத்துக்கு ஒரு கணக்கு, காது மடிப்புக்கு ஒரு கணக்கு, நடைக்கு ஒரு கணக்கு. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று சந்தையில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நான்கு காலையும் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்க்கிறவர் வெகு குறைவு. பல்லைப் பார்ப்பார்கள், வயது தெரிந்துகொள்ள முன்பல்லை மட்டும். "ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. சுழியில் நம்பிக்கை வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மிருகத்தைத் தலை முதல் வால் வரை விரலால் தடவிப் பார்க்கும் பொறுமை அதில் இருக்கிறது. அந்தப் பொறுமையை இன்னும் இரண்டு முழம் கீழே, குளம்பு வரைக்கும் கொண்டுபோக அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தருமபுரி மாவட்டத்தில் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் இருக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வருகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. குதிரையின் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு மட்டும் பாடம் இல்லை. இந்தக் குறை நேற்று வந்ததும் இல்லை. எழுநூறு ஆண்டுகளாக எழுத்தில் பதிவாகியிருக்கும் குறை இது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்கோ போலோ, இங்கே குதிரை வளர்ப்பதில்லை, எல்லாம் கப்பலில் வருகின்றன என்று எழுதினார். அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பது அவர் தரும் கணக்கு. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் நாம் நின்று கவனிக்க வேண்டியது. குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்கும் ஹொர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள் லாடம் அடிப்பவர்களையும் குதிரை வைத்தியர்களையும் இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை! வேகவைத்த அரிசியோடு இறைச்சியையும் சேர்த்து இங்கே குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். கிட்டத்தட்ட அதே காலத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வறுத்த தானியத்தில் நெய்யும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்துக் குதிரையைக் கெடுக்கிறார்கள் என்று வருந்துகிறார். இவர்கள் தரும் கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனால் நெய்யும் பாலும் ஊட்டுவது பாசத்தால் செய்த பிழை. அந்தப் பிழையை இன்றும் பல லாயங்களில் பார்க்கிறேன்.

தமிழனுக்குக் குதிரை அந்நியம் இல்லை. கடல் வழியே குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். இவர்கள் காலத்தவன்தான் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான். மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில்தான் தொடங்குகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். குதிரை மருத்துவ நூலும் இருந்தது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரம் ஓவியங்களோடு தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கிறது, நூலகம் அதை அச்சிட்டும் வெளியிட்டது. அறிவு இந்த மண்ணில் இருந்தது, ஆனால் அரண்மனை லாயத்துக்குள் இருந்தது. வண்டிக்காரருக்கும் பொதி சுமப்பவருக்கும் அது இறங்கி வரவில்லை.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு, தருமபுரி உள்ளிட்ட பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ இந்தப் பகுதியில் குதிரை மேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றி நிலவரியைத் தீர்மானித்தார். 1824இல் ஓசூர் மத்திகிரியில் படைக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை ஏற்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். அதுவே பின்னால் மாவட்டக் கால்நடைப் பண்ணையாகி இன்றும் நடக்கிறது. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரும் அதோடு வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரைக்கும், நாட்டின் பழைய குதிரைப் பண்ணைகளில் ஒன்று தருமபுரி மாவட்டத்துச் சொத்து. இதை இங்குள்ள குதிரைக்காரர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

கால்நடை மருத்துவக் கல்வியே குதிரைக்காகப் பிறந்தது என்பது இன்னொரு ஆச்சரியம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைப் பிரான்சின் லியோன் நகரில் 1761இல் நிறுவிய குளோத் பூர்ஷலா குதிரையேற்றப் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தியவர். 1791இல் லண்டனில் கல்லூரி திறந்ததும் பெரும்பாலும் குதிரைக்காகத்தான். இந்தியாவில் ராணுவக் குதிரைகளைக் காப்பாற்றும் தேவையிலிருந்தே இந்தப் படிப்பு வளர்ந்தது. சென்னையில் 1903 அக்டோபர் 1ஆம் தேதி, வேப்பேரி டாபின் ஹால் கட்டடத்தில் 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. 1985இல் நாமக்கல்லில் இன்னொரு கல்லூரி வந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது.

இதற்கு நடுவே குதிரை நழுவிப் போய்விட்டது. மோட்டார் வந்தது, ஜட்கா நின்றது. வெண்மைப் புரட்சி வந்தது, கறவை மாடு முன்னுக்கு வந்தது. நாமக்கல்லில் கோழி பெருகியது. பாடத்திட்டமும் ஆராய்ச்சியும் மக்களின் வயிற்றுப்பாட்டைப் பின்தொடர்ந்தன, அதில் தவறு காண முடியாது. 2012இல் இந்தியாவில் 6 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்தன. கழுதை 61 விழுக்காடு குறைந்தது. ஒரு கிராமத்து மருத்துவர் நாளுக்கு எத்தனையோ மாடு பார்ப்பார். குதிரை அவர் முன்னால் வருவது எப்போதோ ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவர் தயங்கினால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயங்காமல் மாட்டுக்குப் போடுவதையே போட்டுவிட்டுப் போகிறவரைப் பற்றித்தான் கவலை.

இன்று குதிரை வைத்திருப்பவர் யார்? ரேக்ளா ஓட்டுகிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், ஆசைக்கு ஒரு கத்தியவாரோ மார்வாரியோ வாங்கித் தோட்டத்தில் கட்டியிருக்கும் இளைஞர்கள். இவர்களோடு கழுதைக்காரர்களையும் சேர்த்தே பேச வேண்டும். கோட்டூர் மலை போன்ற, சாலை எட்டாத தருமபுரி மலையூர்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போனதைச் செய்தித்தாளில் எல்லாரும் பார்த்தோம். படத்தில் இயந்திரத்தைப் பார்த்தோம், கழுதையின் முதுகுப் புண்ணைப் பார்த்தோமா தெரியவில்லை. சேணத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை சரியாக இருந்தால் அந்தப் புண் வராது. இதற்கு மருந்தே தேவையில்லை, ஒரு சாக்கும் கொஞ்சம் வைக்கோலும் போதும்.

குதிரையை மாட்டின் சித்தப்பா பிள்ளை என்று நினைப்பதில்தான் பாதித் துன்பம் தொடங்குகிறது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்புக்குப் பொருந்தாத சிறிய வயிறு. நார்த் தீவனம் செரிப்பது பின்னால் உள்ள பெருங்குடலில். இயற்கை அதை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேயப் படைத்தது. இன்னொரு விஷயம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேலே வர வழியில்லை. அதனால்தான் சூலை என்று நாம் சொல்லும் வயிற்றுவலி குதிரைக்கு இவ்வளவு கொடியது. காலையில் ஒரு வாளிக் கொள்ளும் மாலையில் ஒரு வாளிக் கொள்ளும் வைத்துவிட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் சூலையை நாமே கூப்பிடுகிறோம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது காய்ந்த நார்த் தீவனம் உள்ளே போக வேண்டும். முந்நூறு கிலோ குதிரைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. தருமபுரியில் கேழ்வரகுத் தாளுக்குப் பஞ்சமில்லை. அதுதான் அடிப்படை, கொள்ளு அதற்கு மேல்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வோம். இந்த மாவட்டத்து மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளு நல்ல தீவனம். ஊறவைத்து வேகவைத்தே கொடுக்க வேண்டும், பச்சையாகக் கொடுத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. தவிட்டை மட்டுமே நம்பினால் எலும்பு கெடும். பாஸ்பரஸ் கூடி, சுண்ணாம்புச் சத்து குறைந்து, முகத்து எலும்பு வீங்கும். கறவை மாட்டுக்காக வரப்பெல்லாம் நட்டிருக்கும் கம்பு நேப்பியர்ப் புல்லிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாடு அதைச் சமாளிக்கும், குதிரைக்கு அது மட்டுமே தீவனமானால் மாதக்கணக்கில் எலும்பு உளுத்துப் போகும்.

இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று. நம் பக்கம் கோழிப்பண்ணை நிறைய. மிஞ்சிய கோழித் தீவனத்தைச் "சத்து" என்று குதிரைக்கு வைக்கும் பழக்கம் ஒரு முறைகூட வேண்டாம். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமல் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். எடைக்கு எடை பார்த்தால், கோழியைக் கொல்லும் அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மோனென்சினே குதிரையைக் கொல்லும். இதயத் தசை அழியும், மாற்று மருந்து கிடையாது. அதே மாதிரி மாட்டுக்கு உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் தெளித்தால் குடல் அசைவு நின்று சூலை வரும். மருந்துக் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று கொடுத்தால், குதிரைக்கு என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

செடிகளும் அப்படியே. சேலம், தருமபுரிப் பக்கம் பூவுக்காக அரளி பயிரிடுகிறார்கள். கவாத்து செய்து வேலியோரம் போட்ட அரளித் தழை காய்ந்த பிறகும் நஞ்சு குறையாது. காய்ந்தால் கசப்பு குறைந்து குதிரை ஆசையாகத் தின்னும். ஒரு கைப்பிடித் தழையே இதயத்தை நிறுத்தப் போதும். ஆமணக்கு விதையிலும் குதிரைக்கு மற்ற கால்நடைகளைவிடச் சீக்கிரம் நஞ்சேறும். சோளப் பயிரையே நாள்கணக்கில் மேய்ந்த குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும்.

தண்ணீரைப் பற்றித் தருமபுரியில் சொல்லாமல் விட முடியாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. குழாயில் காவிரி வந்தது நமக்கு. தோட்டத்தில் கட்டிய குதிரைக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான், நாளுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர் வரை. குதிரை மாட்டைவிட ஃபுளோரைடைத் தாங்கும் என்றாலும், பல்லில் பழுப்புக் கோடு விழுந்து நடையிலும் விறைப்பு தெரிந்தால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

கோடை முடிந்த ஒரு நாள், பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்துக்குக் கால்நடை மருத்துவ நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அறுபது தாண்டிய குதிரைக்காரர். குதிரை முந்தின நாள் காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. அவர் மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றியிருந்தார். நண்பர் கோபப்படவில்லை. குதிரையின் இடது விலாவில் காதை வைத்து ஒரு நிமிடம் நின்றார், பிறகு வலது விலாவில். அப்புறம் அவரைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்கண்ணா, காதை வச்சுக் கேளுங்க."

பெரியவர் தயங்கி, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, காதை வைத்தார். முகம் மாறியது.

"தொட்டியில தண்ணி விழற மாதிரி கடகடன்னு கேக்குதுங்க."

"அது கேட்டா நல்லது. ரெண்டு பக்கமும் அது நின்னு போச்சுன்னா ராத்திரி எந்நேரமா இருந்தாலும் ஃபோன் பண்ணுங்க. எண்ணெய் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். மூக்கு வழியா ட்யூப் விட்டு நாங்கதான் குடுக்கணும்."

பெரியவர் இன்னொரு தடவை காதை வைத்துக் கேட்டார். "நாப்பது வருசமா குதிரை வச்சிருக்கேன் சாமி, இதை ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அவர் குரலில் இருந்தது குற்றச்சாட்டு இல்லை, ஏக்கம். அன்று அவர் தாடைக்கடியில் விரல் வைத்து நாடி பார்க்கவும் கற்றுக்கொண்டார். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16. காய்ச்சல்மானியில் 99 முதல் 101.5 பாரன்ஹீட். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாடி அறுபதைத் தாண்டினால் காத்திருக்க நேரமில்லை. இவ்வளவும் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம், அரை மணி நேரமும் பக்கத்தில் ஒரு குதிரையும் இருந்தால் ஆயிற்று.

குளம்புக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். தினமும் அடியைச் சுத்தம் செய்ய வேண்டும். லாடம் அடிக்கிறவர்கள் நம் பக்கம் பெரும்பாலும் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். மாட்டைச் சாய்த்துக் கட்டி, பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு அடிப்பது ஒரு வேலை. நிற்கிற குதிரையின் காலை மடியில் ஏந்தி, அதன் நடைக்கும் குளம்பின் சாய்வுக்கும் ஏற்ப வளைத்த இரும்பைப் பொருத்துவது வேறு வேலை. குளம்பின் அடியில் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு உள்ளே போனால் உயிருள்ள தசை. ஒரு நூல் தவறினால் குதிரை நொண்டும், சீழ் பிடிக்கும், ரண ஜன்னி வரவும் வழியாகும். ரண ஜன்னிக்கு வீட்டு மிருகங்களில் குதிரையைப் போல எளிதில் பலியாவது வேறில்லை. காது விறைத்து, கண்ணோரத்துச் சவ்வு மேலே வந்து, நான்கு கால்களையும் மரக்குதிரை போல் அகட்டி நிற்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தடுப்பூசி மலிவானது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒன்று. நொண்டும் காலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது எந்த நோயையும் தீர்க்காது. மிருகத்தின் வலியோடு இன்னொரு வலியைச் சேர்க்கிறது, அவ்வளவே.

குடற்புழு மருந்தின் அளவும் கண் மதிப்பில் போகிறது. மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். 150 சுற்றளவும் 130 நீளமும் உள்ள நாட்டுக் குதிரை ஏறக்குறைய 246 கிலோ. தையல்காரரின் டேப் போதும். குறைந்த அளவில் அடிக்கடி மருந்து கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

நோய்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று சர்ரா. 1880இல் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிபித் எவன்ஸ் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதன் கிருமியைக் கண்டார். இந்த வகைக் கிருமி நோய் உண்டாக்கும் என்று உலகம் முதலில் அறிந்தது அப்போதுதான். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன, அதனால் மழைக்குப் பின் கூடும். விட்டு விட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பு, காலிலும் அடிவயிற்றிலும் நீர் வீக்கம். ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். காய்ச்சல் அடிக்கும் நாளில் ரத்தம் எடுக்க வேண்டும், இதைத் தெரிந்த உரிமையாளர் அந்த நாளில் அழைப்பார். மற்றது கிளாண்டர்ஸ். மூக்கில் புண், கெட்டியான சளி, தோலில் வரிசையாக முடிச்சுகள். மனிதருக்கும் தொற்றும். 1899இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள், 2019இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. நோய் உறுதியானால் மருத்துவம் பார்க்கக் கூடாது, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், மிருகத்தைக் கருணைக் கொலை செய்ய வேண்டும். வடக்கிலிருந்து லாரியில் வரும் குதிரையை ரத்தப் பரிசோதனை இல்லாமல் வீட்டுக்குக் கூட்டி வருவது, பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு அந்த ஆபத்தையும் கூட்டி வருவதுதான். அரியானாவின் ஹிசாரில் 1985 முதல் இயங்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையில் நாட்டுக்கே வழிகாட்டி.

குதிரைக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாம்புக்கடி மிகுந்த மாவட்டம் இது. அரசு மருத்துவமனையில் ஏற்றும் ஒவ்வொரு குப்பி நச்சுமுறி மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்து வந்தது. சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்டு, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, தன் ரத்தத்தைக் கொடுக்கும் மிருகம் அது. காட்டு வேலைக்குப் போய்க் கடிபட்டுப் பிழைத்து வந்த எத்தனையோ பேரின் உடம்பில் ஒரு குதிரையின் உதவி ஓடியிருக்கிறது.

என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தருமபுரி குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் ஆண்டுப் பயிற்சி நிரலில் குதிரைக்கும் கழுதைக்கும் ஒரே ஒரு நாள் போதும். மத்திகிரிப் பண்ணை தருமபுரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள். இருநூறு ஆண்டுப் பழமை உள்ள அந்த இடத்தில் பத்து இளைஞர்களுக்கு லாடம் அடிக்கக் கற்றுத் தந்தால் நான்கு மாவட்டத்துக் குதிரைகள் நொண்டாமல் நடக்கும். நாமக்கல், தலைவாசல் கல்லூரி மாணவர்கள் அந்தியூர்ச் சந்தையின் நாள்களில் முகாம் போடலாம். ஒரே இடத்தில் அத்தனை குதிரைகளை அவர்கள் வேறெங்கும் பார்க்கப் போவதில்லை, குதிரைக்காரருக்கும் அத்தனை மருத்துவர்களை வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. வட இந்தியச் செங்கல் சூளைகளில் புரூக் அமைப்பு இந்த வழியில்தான் வேலை செய்கிறது, உரிமையாளரையும் லாடக்காரரையும் பழக்குவது அதன் முதல் பணி. 1934இல் கெய்ரோவில் டோரதி புரூக் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு அது.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்தது. தொழில் தொடங்குவோருக்கு 50 விழுக்காடு மூலதன மானியம், உச்சம் 50 லட்சம் ரூபாய். காப்பீட்டில் உரிமையாளர் பங்கு 15 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் மானியம் வாங்குகிறவர் முதலில் ஒரு வாரமாவது லாயத்தில் நின்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாண்டியன் கருவூலத்தில் பொன்னுக்குக் குறைவில்லை, அந்தக் குதிரைகள் பொன் இல்லாமல் சாகவில்லை.

வரும் ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழி பாருங்கள். பார்த்து முடித்ததும் குனிந்து நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டாதவரிடம் எவ்வளவு சுழி சுத்தமான குதிரை நின்றாலும் வாங்காதீர்கள்.